ஐந்தாம் கம்பி

சாட்ஸ்வர்த் கடையில் இரண்டு பேஸ்.
இரண்டுக்கும் ஐந்து கம்பி, ஒரே விலை.

ஒன்றில் ஒல்லியாய் இரண்டு சிங்கிள் காயில்:
பேச்சு தெளிவு,
டியூப்லைட்டைக் கண்டால் மட்டும் முனகும்.
மற்றதில் தடித்த ஒற்றை ஹம்பக்கர்;
முனகாது. சனிக்கிழமைக் கல்யாணத்தில்
டிரம்ஸையே முட்டித் தள்ளும்.

"சட்டுனு சொல்லு, ரெண்டு மணிக்குக் கரண்ட் போயிரும்,"
என்றான் டெரன்ஸ் படையாச்சி.

போயிற்று.

ஆம்ப் செத்தது, முனகலும்.
இப்போது காந்தம் எல்லாம் ஒரே ஊமை.

மேல்கொம்பைத் தாடையில் அழுத்தி
அடிக்கம்பியைத் தட்டினேன்.
தடியனுடையது பல்லோடு நின்றது.
முனகுகிறது
தொண்டை, விலா என்று இறங்கி
தொப்புளில் போய் உட்கார்ந்தது.

"இதுதான்," என்றேன்.
"வீட்டிலும் முனகுமே?"
"வீட்டில் கரண்ட் எங்கே இருக்கு?"

கார்டு மிஷினும் செத்துப்போச்சு.
நாலரை வரை
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
இன்னும் என்னுடையதல்ல.