மீதி

கட்டபெட்டு ஃபேக்டரியில்
எடைக் கணக்கு போடும் கணினிக்குப்
புது சிஸ்டம் ஏற்றிய இரவு
கரன்ட் இரண்டு முறை போனது.
விடிகாலை ஸ்கிரிப்டை ஓட்டினால்
பைத்தானா, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை
என்கிறது.

இப்போதெல்லாம்
பெயருக்குப் பின்னால் மூன்று சேர்த்துக் கூப்பிட வேண்டும்.
முதல் வரியில் விலாசத்தை மாற்றினேன்.
அச்சிடச் சொன்ன இடத்திலெல்லாம் அடைப்புக்குறி கேட்டது,
நாற்பத்தொரு இடம்,
போட்டேன்.
பிறகு ஓடியது.
ஒரு பிழைச் செய்தி கூட இல்லை.
அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

பழைய பெட்டியையும் பக்கத்தில் வைத்து
நேற்றைய இலையை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன்.
போஜன், 47 கிலோ. ஈரத்துக்கு நூற்றுக்கு ஐந்து கழிவு.
பழையது 44 என்றது.
புதியது 44.65.
மாதி, 31.
பழையது 29. புதியது 29.45.
சரியாக இருபது கிலோ கொண்டுவந்த ருக்கிக்கு மட்டும்
இரண்டிலும் பத்தொன்பது.

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால்
மீதியைக் கீழே போட்டுவிடும் பழைய பதிப்பு.
யாரும் திருடவில்லை.
யாருக்கும் தெரியவும் இல்லை.
தமிழில் அதற்கு மலைப்பாம்பு என்று பெயர்;
சட்டை உரித்த பிறகுதான்
வயிற்றில் கிடந்தது வெளியே தெரிகிறது.
பதினொரு வருஷம்.
நாளுக்கு நூற்றுச்சொச்சம் மூட்டை.
பெருக்கிப் பார்க்க ஆரம்பித்து
நடுவில் நிறுத்திவிட்டேன்.

மேனேஜர் எட்வின்
மஃப்ளரை அவிழ்க்காமலே திரையைப் பார்த்தார்,
நெடுநேரம்.
"பழைய மாதிரியே வர வைக்க முடியாதா நிரோஷா?"

முடியும்.
இருக்கிற சாய்கோட்டுக்குப் பக்கத்தில்
இன்னொரு சாய்கோடு.
ஒரே ஒரு விசை.
கர்சர் அங்கேயே நின்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.
கண்ணாடிக்கு வெளியே மழை
சாய்ந்து சாய்ந்து
அதையேதான் எழுதிக்கொண்டிருந்தது.

"முடியும் சார்.
மீதியைக் கழித்துவிடு என்று
ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்."

பேனாவைத் தேடுவதுபோலச்
சட்டைப்பையைத் தடவினார்.
டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.
மணி ஒன்பதாகியும் வரவில்லை.

இலை வண்டி வந்தது.
முதல் மூட்டை போஜனுடையது, 53.
சீட்டு சரசரவென்று வெளியே வந்தது:
50.35.
மை சிந்தியிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ,
நனைந்த கட்டைவிரலால்
அந்தப் புள்ளியைத்
தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்.