விலகிய காரணம்

பயிற்றுநர் உரிமத்துக்கான படிவம், மும்மொழியில்.
'முன்னர் விளையாடிய கழகங்கள்' என்ற இடத்தில்
நாலே நாலு கோடு.
"பின்பக்கத்திலயும் எழுதலாமா?" என்கிறார் லடிஸ்லாஸ் கொரேரா,
மாளிகாவத்தை மைதானத்துக் கன்ரீனில்,
கொட்டாஞ்சேனை வீட்டில் கண்ணாடியை மறந்து வந்தவர்.
எழுதுவது நான்.
கழகத்தின் கணக்கைப் பார்ப்பவள்,
ஒரு பந்தைக்கூடக் காலால் தொடாதவள்.

முதலில் துறைமுகம்.
வேலைக்கு எடுத்தது பாரந்தூக்கிப் பிரிவில்,
வேலை பார்த்தது இடப்பக்க ஓரத்தில்.
பிறகு மாலே:
"அடிச்ச பந்து கடலுக்குள்ள போனா
கோர்னரா எண்டு கேட்டு
மத்தியஸ்தரிட்ட மஞ்சள் அட்டை வாங்கினவன் நான்."
பிறகு டாக்கா, ஒன்றரைப் பருவம்.
பெருநாளைக்குத் தருவதாகச் சொன்ன சம்பளம்;
மூன்று பெருநாள் வந்து போயிற்று.

மலப்புறத்தில் எழுவர் ஆட்டம்.
அறுத்த வயல், கமுகந்தடியில் கட்டிய காலரி,
இரவுக்கு ஒரு சட்டை, சட்டைக்கு ஒரு பேர்.
செவ்வாய் கோலடித்துக் கொடுத்த அணியை
புதன் எதிரில் நின்று தோற்கடித்திருக்கிறார்.
இதையும் கழகமென்று எழுதுவதா?
"எழுதுங்க. சோறு போட்டவங்க."

கோடுகள் தீர்ந்துவிட்டன.
ஓரத்தில் நுணுக்கி எழுதுகிறேன்:
மஸ்கற், திம்பு, மறுபடி மாலே,
வங்குரோத்தான ஒரு வங்கியின் அணி.
பக்கத்துக் கட்டத்தில்
'விலகிய காரணம்.'
ஒப்பந்தம் முடிவு, ஒப்பந்தம் முடிவு, முழங்கால்,
ஒப்பந்தம் முடிவு.
டாக்காவுக்கு வந்ததும் பிளேன்ரீயைக் கலக்குகிறார்.
சீனி எப்போதோ கரைந்துவிட்டது.

போன ஞாயிறு அரையிறுதி.
இத்தனை கடல் தாண்டியவருக்கு
இப்போது ஒரு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்ட
அனுமதியில்லை.
கோட்டின் மேல் பெருவிரலை வைத்து நிற்கிறார்.
அறுபத்திரண்டாம் நிமிடம்
பலகையில் சிவப்பாகப் பதினொன்று.
துவான் காமில்டீன், வயது முப்பத்துநாலு,
ஓமானிலிருந்து வந்து இரண்டு மாதம்.
பலகையைப் பார்த்தான்.
பிறகு திரும்பி, தன் பின்னால்
வேறு யாராவது பதினொன்று நிற்கிறார்களா என்று பார்த்தான்.
நடந்து வந்தான். நீட்டிய கையைக் கடந்து போனான்.
தண்ணீர்ப் போத்தலை ஓர் உதை.
அன்றைய ஆட்டத்தில்
நேராகப் போனது அது ஒன்றுதான்.
அதன் பிறகு இன்னுமொரு கோல் வாங்கித்
தோற்றோம். மாற்றியது சரியா பிழையா,
எனக்குத் தெரியாது. அவருக்கும்.

திரும்பும் பஸ்ஸில், ஆமர் வீதி நெரிசலில்,
கேட்காமலே சொன்னார்.
டாக்காவில் அன்றைக்கு மழை.
கூப்பிட்ட பயிற்றுநரைத் தாண்டி,
அரங்கின் வாசலைத் தாண்டி,
ஆணிச் சப்பாத்தோடு ரிக்சாவில் ஏறி
விடுதிப் படிகளில் கடகடவென்று ஏறினாராம்.
மறுநாள் விமானம்.
மிச்சச் சம்பளத்தைக் கேட்கவும் போகவில்லை.
"அந்த மனுசன்ட பேர் மறந்து போச்சு," என்றார்.
"கை ஞாபகம் இருக்கு.
மோதிர விரல்ல பிளாஸ்டர் சுத்தியிருந்தது."

கன்ரீன் கதவு கிறீச்சிடுகிறது.
காமில்டீன்.
பயணப்படி வாங்க வந்தவன்,
எங்களைக் கண்டும் காணாமல்
அடுத்த மேசையில் முதுகு காட்டி உட்கார்ந்து
இரண்டு மாலுபாண் கேட்கிறான்.
லடிஸ்லாஸ் குரலைத் தாழ்த்துகிறார்:
"டாக்காவுக்கு என்ன எழுதினீங்க?"

மழை, என்று எழுதியிருந்தேன்.
படிவத்தை அவர் பக்கம் திருப்பினேன்.
கண்ணாடி இல்லாத கண்களால்
வெகுநேரம் பார்த்தார்,
வாசித்தவர்போலத் தலையாட்டினார்,
தன் பிளேன்ரீக்கும்
அந்த மாலுபாணுக்கும்
சேர்த்துக் காசு வைத்தார்.