அடையாளம் தெரியாத நபர்

புளியரைச் சோதனைச்சாவடியில்
எனக்கு இரவுப் பணி.
பதினொன்றரைக்கு மேல் வண்டி குறையும்.
எஸ் வளைவில் கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே
எத்தனை டன் என்று சொல்லிவிடுவேன்.
மற்ற நேரம் கதை எழுதுகிறேன்,
பழைய வண்டிப் பதிவேட்டின் பின்பக்கங்களில்.

நல்லவன் பெயர் திருமலைக்குமார்.
என் வேலைதான் அவனுக்கும்.
கொஞ்சம் உயரம் கூட்டினேன்,
தொப்பையை எடுத்துவிட்டேன்.
கெட்டவன் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன்,
சாக்கோச்சன், லாரி டிரைவர்.
கெட்டது ஆரியங்காவு தாண்டித்தான் வரவேண்டும் என்று
யாரும் சொல்லவில்லை.
கை தானாக எழுதிற்று.
இங்கிருந்து உடைந்து போகும் பாறைகளை
எந்த அத்தியாயத்திலும் நான் ஏற்றவில்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் மழை.
தார்ப்பாய் போர்த்திய லாரி.
உள்ளே ஊசி, ரத்தம் காய்ந்த பஞ்சு,
சுருண்டு கிடக்கும் குளுக்கோஸ் குழாய்கள்.
"கோழித்தீவனம் சாரே" என்கிறான் சாக்கோச்சன்.
பர்மிட்டுக்குள் மடித்து
ஐந்நூறு ரூபாய்த் தாள் நான்கு.

இங்கே திருமலைக்குமார் மறுக்க வேண்டும்.
'மறுத்தான்' என்று எழுதினேன்.
பேனா நன்றாகத்தான் ஓடியது.
திரும்பப் படித்தால்
கட்டிய பல் மாதிரி
அந்தச் சொல் மட்டும் ரொம்ப வெள்ளை.

ஐப்பசியில் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை.
தாள் நான்கல்ல, மூன்று.
பேரம் பேசக்கூட எனக்குத் தெரியவில்லை.
மகளின் ஸ்கூல் பஸ் கட்டணம் என்று
ஒரு காரணத்தை அப்புறம் தைத்துக்கொண்டேன்.
உண்மையில் மழை.
எழுந்து போய்த் தார்ப்பாயை அவிழ்க்கச் சோம்பல்.
அவ்வளவுதான் தேவைப்பட்டது,
ஒரு நாற்காலியும் கொஞ்சம் குளிரும்.

மார்கழியில் ஆவுடைத்தங்கம் வந்தாள்.
கால்வாய்த் தண்ணீர் குடித்து ஏழு ஆடு போயிற்று.
எட்டாவது நிற்கமாட்டாமல் நடுங்குகிறது.
"ஒங்க கையெழுத்து அழகா இருக்கும்னு சொன்னாவ,
கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தாங்க."

எழுதினேன். அதே பேனா.
'அடையாளம் தெரியாத நபர்களால்' என்ற இடத்தில்
கை நடுங்கவில்லை.
இப்போது நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.
ஆடுகளின் நிறம் கேட்டேன், வயது கேட்டேன்,
சினையாட்டைத் தனியாகக் குறித்தேன்.
கதையில் ஒரு வரிகூட
அத்தனை உண்மையாக நான் எழுதியதில்லை.
இருபது ரூபாய் நீட்டினாள்.
வேண்டாம் என்றேன்.
எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது
அந்த 'வேண்டாம்'.

அன்றிரவு மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன்.
திருமலைக்குமார் தாள்களை வாங்கினான்.
தடுப்புக் கம்பத்தைத் தூக்கினான்.
அடுத்ததை நான் யோசித்து எழுதவில்லை.
சாக்கோச்சன் வண்டியை நகர்த்தவில்லை.
ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி
நனைந்த சாலையைப் பார்த்தான்.
"வேண்டா சாரே, நாறுது" என்றான்.
பணத்தைத் திருப்பிக் கேட்கவுமில்லை.
ரிவர்ஸில் எடுத்துத் திருப்பினான்.
வளைவுகளில் அவன் ஏறுவது
வெகுநேரம் கேட்டது.
முழு பாரம். பதினாறு டன்.

அடித்துவிடலாமா என்று பார்த்தேன்.
அவன் கோட்டவாசல் தாண்டியிருப்பான்.

திருமலைக்குமார் நிற்கிறான்,
தொப்பை நனைய,
வண்டியே இல்லாத சாலைக்குக்
கம்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.
கயிற்றை விடு என்று
ஒரு வரி எழுதினால் போதும்.
விடிய இன்னும் நேரம் இருக்கிறது.