கிலோ நூற்றிருபது

சாய்ந்தமருதில், சைக்கிள் றிம்முகளுக்குப் பின்னால்
புத்தகம் கிலோ நூற்றிருபது.
சப்றான் காக்கா ஒன்றும் கேட்கமாட்டார்,
பெயின்ற் வாளியைக் கவிழ்த்துத் தள்ளிவிடுவார்.
குந்துவேன்.

இன்றைக்குக் கிடைத்தது
கடைசிப் பதினாறு பக்கமில்லாத துப்பறியும் நாவல்.
கொலைகாரன் தப்பிவிட்டான், போகட்டும்.
நடுவில் நாலாக மடித்த ஞாயிறுப் பத்திரிகை,
பென்சிலில் யாரோ பாதி நிரப்பிய குறுக்கெழுத்து.

மேலிருந்து கீழ் ஏழு:
ஆத்திரக்காரனுக்கு இது மட்டு.
‘நேரம்’ என்று எழுதியிருந்தது.
அதோடு இடமிருந்து வலம் மூன்று சொல் நாசம்.

காக்காவின் காதில் செருகியிருந்த பென்சிலை வாங்கி
எச்சில் தொட்டு அழித்து
புத்தியை இறக்கினேன், கட்டம் கட்டமாய்.
“பேப்பருக்குக் காசு வாணாம், அது பாரமில்ல.”

விடை சேரவேண்டிய கடைசித் திகதி
பத்தொன்பது வருடத்துக்கு முந்திய செவ்வாய்.

தபால் கந்தோர்
நாலரைக்குத்தான் பூட்டும்.