மூன்றாவது பந்து

கத்தி வைக்க இன்னும் நான்கு வாரம் என்றார்கள்.
தப்பித்ததாக நினைத்தேன்.
"அதுவரை உங்களுக்கும் வேலை இருக்கிறது, முசியே சுப்பராயன்."

கியூர்பிப் என்றால்
குழாய் சுத்தம் செய்த ஊராம்.
போர்ட் லூயிலிருந்து மேடேறிய குதிரைக்காரர்கள்
இங்கே நின்று
புகைக்குழாயைச் சுரண்டித் தட்டி
மறுபடி நிரப்பிக்கொண்டார்களாம்.
அதே மேட்டில்
முப்பத்தோரு வருஷம் பஸ் ஏற்றியவன் நான்.
வண்டி நின்றதும் ஒன்று பற்றவைப்பேன்.
நிரப்பியிருக்கிறேன்.
சுரண்டியதில்லை.

குடலில் வந்ததற்கு
நெஞ்சை ஏன் தட்டிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.
மயக்கம் கொடுக்கும் டாக்டர்,
என் மகளைவிட இளையவள், சொன்னாள்:
"வெட்டுவது அவர் பாடு.
எழுந்திருப்பது உங்கள் பாடு."

தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்து
முதுகில் அலகு தாங்கியவன் நான்.
மறுநாள் மத்தியானமே
ரம்மும் மிளகாய் வடையுமாகச்
சாமியிடம் கணக்குத் தீர்த்துக்கொண்டவனும்தான்.
அந்தத் திமிரில் கேட்டேன்,
எதை விடணும், சொல்லுங்கள்.
சிகரெட் என்றாள். ரம் என்றாள்.
பிறகு, பட்டினி கிடக்கும் பழக்கம்.
தினம் இரண்டு முட்டை, ஒரு துண்டு மீன்,
கெட்டியாகப் பருப்பு. எடை இறங்கக் கூடாது.

சாப்பிட்டே தீர வேண்டிய விரதம்.
இதற்கு எந்தச் சாமி, தெரியவில்லை.

காலை ஐந்தரை. த்ரூ ஓ செர்ஃப்.
எப்போதோ நெருப்பைக் கக்கி
அடங்கிப்போன மலைவாய்.
அடியில் கொஞ்சம் தண்ணீர், சரிவெல்லாம் மரம்,
விளிம்பில் ஊர் நடக்கிறது.
எங்கள் ஊர் மழை, கேட்கவா வேண்டும்.
முதல் நாள் ஒரே ஒரு சுற்று,
அதிலும் மூன்று பெஞ்சு.
குடை பிடித்தபடி ஓடிய வயதான சீனர் ஒருவர்
இரண்டு தடவை என்னைக் கடந்து போனார்,
இரண்டு தடவையும் போன்ஜூர் சொன்னார்.
முதலாவது மரியாதை.
இரண்டாவது எனக்கு அப்படிப் படவில்லை.

வீட்டில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொடுத்தனுப்பியிருந்தார்கள்,
உள்ளே மூன்று நீலப் பந்து.
ஊதுவதென்று நினைத்து ஊதினேன்.
தெய்வானை சிரித்ததில் டீ கொட்டியது.
உறிஞ்ச வேண்டுமாம்.
அது தெரியும், நாற்பது வருஷப் பழக்கம்.
முதல் பந்து எழுந்தது.
இரண்டாவது யோசித்து எழுந்தது.
மூன்றாவது,
சம்பளம் கூட்டச் சொன்னால்
முதலாளி உட்கார்ந்திருப்பாரே,
அப்படி உட்கார்ந்திருந்தது.

பதினேழாம் நாள்
ஸ்கேன் படம் வாங்கி வந்த சாயங்காலம்
டிப்போவுக்குப் பின்னால்
ஏழுமலையிடம் ஒன்று வாங்கிப்
பாதிவரை இழுத்தேன்.
அன்று ராத்திரி இரண்டாவது பந்தும் எழவில்லை
என்று எழுதினால் கவிதைக்கு நன்றாயிருக்கும்.
எழுந்தது.
அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் இருட்டில்,
மகன் விட்டுப்போன கேன்வாஸ் ஷூவுக்குள்
துணி திணித்துக்கொண்டிருந்தாள் தெய்வானை.
"சட்டை நாறுது" என்றாள்.
"நட."

உள்ளே இருப்பதற்கு இதெல்லாம் தெரியாது.
நான் நடந்தால் அதுவும் கூட வருகிறது,
காசு கொடுக்காத பயணி.
இரண்டு முட்டையில்
அதற்கும் ஒரு பங்கு போகிறதோ என்னவோ.
இதை அந்த டாக்டர் பெண்ணிடம் கேட்கவில்லை.
நான்கு சுற்று வந்த காலைகளில்
கேட்க மறந்துபோனது.
நடக்காத காலை ஒன்று இருந்தது,
புயல் எச்சரிக்கை, மூன்றாம் எண்.
அன்றைக்கு அடுப்படிக்கும் வாசலுக்குமாக
நூறு நடை எண்ணினேன்.

இருபத்தாறாம் நாள்
மூன்றாவது பந்து
அடியில் ஒரு நடுக்கம் நடுங்கியது.
குளிர்காலத்தில் இஞ்சின் பிடிப்பதற்கு முன்
ஸ்டியரிங்கில் ஒன்று வருமே, அது.
அவ்வளவுதான். மேலே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் வார்டு மூன்றாவது மாடி.
லிஃப்டைப் பார்த்தோம், படியைப் பார்த்தோம்.
பையை நான் எடுத்துக்கொண்டேன்.

மேலே
சக்கர நாற்காலியோடு ஓடிவந்த நர்ஸ்
தெய்வானையைப் பிடித்து உட்கார வைத்து,
செருப்பைக் கழற்றி,
கையில் பட்டை கட்டப் போனாள்.
மறுத்துச் சொல்ல
அவளிடம் மூச்சு இல்லை.

பையைக் கீழே வைத்தேன்.
என் பெயரை நான் சொன்னேன்,
முழுப் பெயரையும்,
ஒரே மூச்சில்.