ஏழாவது விடயம்

கூட்டறிக்கை எழுதுவது என் வேலை.
இருமலை எழுதக்கூடாது, சிரிப்பை எழுதக்கூடாது.
தகரக் கூரையில் மழை இறங்கி
யார் பேச்சையாவது விழுங்கிவிட்டால்
"உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்" என்று
போட்டுவிட வேண்டும்.

ஏழாவது விடயம்:
காசல்ரீ கரையில் இளைஞர் துடுப்புக் கழகம்,
அதன் கொட்டகைக்கு அனுமதி,
அயலவரின் ஆட்சேபனைகள் மூன்று.

முதலாவது, ஓய்வுபெற்ற தபாலதிபர் சவரிநாயகம்.
நீல மையில் நான்கு பக்கம்.
காலை ஐந்தரைக்கு விசில் ஊதுகிறார்களாம்.
முப்பத்தொரு வருடம் தபால் பைக்காக எழும்பியவன்,
இனியாவது தூங்க விடுங்கள் என்கிறார்.

இரண்டாவது, கருணாதிலக்க. கடிதமில்லை.
கிழிந்த வலையையே தூக்கிவந்து
தவிசாளரின் மேசையில் விரித்தார்.
ஒரு திலாப்பியாச் செதில்
போன மாத வரவு செலவில் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது, கீழ்ப்பிரிவுப் பெண்கள் பதினாறு பேர்.
ஒரு கைநாட்டும் இல்லை, எல்லாம் கையெழுத்து.
எழுந்து பேசியவள் அன்னபாக்கியம்.
பகல் கொழுந்தை நிறுத்துவிட்டு நேரே வந்தவள்;
படங்கு கட்டிய இடம் சேலையில் இன்னும் ஈரம்.

"அஞ்சு மணிக்குத்தான் எங்களுக்குக் குளிப்பு.
மாருக்குக் கட்டிக்கிட்டு எறங்குற நேரமாப் பாத்து
நாலு நாலு பேரா வர்றாங்க.
லயத்துப் பீலியில தண்ணி வந்தா
நாங்க ஏன் அங்க போறோம்?"

கழகத்தின் பக்கம் லோஜிதா, பதினேழு வயது.
பள்ளிக்கூட டை கழற்றவில்லை,
உள்ளங்கையில் உடைந்த கொப்புளம்.
"தொடுப்புப் போடுறவங்க முன்னால பாக்குறதில்ல.
போற பக்கம் எங்க முதுகுதான் இருக்கும்.
எங்க போறோம்னே எங்களுக்குத் தெரியாது."

அன்னபாக்கியம் அதை ஒருமுறை
மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள்.
"அப்போ எங்களத் தாண்டின பொறகு
நல்லாத் தெரியுமே?"

சபை குலுங்கியது. லோஜிதாவும்தான்.
எழுதவில்லை.

அந்த நேரத்தில் படகுகளைத் தடை செய்யலாமா
என்று தவிசாளர் கேட்டார்.
செயலாளர் கோப்பைப் புரட்டினார்.
தண்ணீர், மின்சார சபைக்கு.
கரை, தோட்டக் கம்பனிக்கு.
மேலே போகும் பாதை, வீதி அதிகார சபைக்கு.
நமக்கு?
இருபதுக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கொட்டகை,
அதற்கு ஒரு கதவு, ஒரு பூட்டு.

தவிசாளர் பேனா மூடியைக் கழற்றினார், போட்டார்.
உபதவிசாளர் நிஸ்மியாதான் கேட்டார்:
"பூட்டுக்கு எத்தனை சாவி?"

இரண்டு.
தீர்மானம்: ஆறு மாதத்துக்குத் தற்காலிக அனுமதி.
காலைச் சாவி கழகத்திடம்,
மாலைச் சாவி அன்னபாக்கியத்திடம்.
குளித்துக் கரையேறி அவள் திறந்தால்தான்
படகு வெளியே வரும்.

பின்வரிசையில் முணுமுணுப்பு:
அதற்குப் பிறகு அரை மணி வெளிச்சம் மிஞ்சுமா?
"அந்த அரை மணியில வேகமா ஓட்டிப் பழகுங்க" என்றாள்.
வலைக்கு மூன்று தவணையில் பணம்.
விசிலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை;
அடுத்த மாதமும் நீல மை வரும்.

பீலித் தண்ணீர் நிகழ்ச்சி நிரலில் இல்லை.
ஆகவே அறிக்கையிலும் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் 'பீலி' என்று மட்டும் எழுதினேன்,
பிரதி எடுத்தால் விழாத அளவுக்கு மெல்லிசாக.

வியாழக்கிழமை, வளைவில் பஸ் மெதுவானபோது பார்த்தேன்:
ஈரத் தலையில் துவாய் சுற்றி
சவர்க்காரப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கி
அன்னபாக்கியம் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
பின்னால் பதினொரு பிள்ளைகள்
கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள்.
சாவியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறாள்.
சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.