செக்குபந்தி

ஓடைக்கு மேற்கு,
வண்டிப்பாதைக்குக் கிழக்கு,
கோயில் நிலத்துக்கு வடக்கு,
மாயாண்டி மன்னாடி பேரிமரத்துக்குத் தெற்கு.
இதற்குள் அடங்கிய ஒன்றேகால் ஏக்கரை
என் மாமனார் வாங்கியபோது
பத்திரம் எழுதியவர் கை நடுங்கவில்லை.
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
சர்வ சுதந்திர பாத்தியமாய் என்று
ஒரே மூச்சில் எழுதி மையை ஒற்றியிருக்கிறார்.
மரம் காற்றில் சாயும்,
ஓடை மழைக்கு மழை படுக்கை மாற்றும் என்று
பூம்பாறையில் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சாய்ந்தது. மாற்றியது.
மாயாண்டி பேரன் வேலப்பன்
மதுரைக்காரர் ஒருவருக்கு விற்ற காட்டோடு
என் பதினாலு சென்ட்டும் போயிற்று.
பூண்டுக்கடனுக்காக வில்லங்கம் போட்டுப் பார்த்த அன்றுதான்
தெரிந்தது எனக்கு.

கொடைக்கானல் முன்சீப் கோர்ட்டுக்கு
எங்கள் ஊரிலிருந்து காலையில் ஒரே பஸ், ஆறு பத்துக்கு.
வாதி முன் இருக்கை. பிரதிவாதி பின் இருக்கை.
இரண்டாம் பிரதிவாதி மட்டும் காரில் வருவார்,
அதுவும் ஒரே ஒரு தடவை.
மூன்றாம் வளைவில் எனக்குக் குமட்டும்.
பின்னாலிருந்து ஒரு எலுமிச்சை வரும்.
வாங்கிக்கொள்வேன்.
எதிராளியோடு பேச்சு வேண்டாம் என்றிருந்தார் வக்கீல்.
எலுமிச்சையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வாய்தா. வாய்தா.
நீதிபதி மாறுதல். மறுபடி வாய்தா.
ஜன்னலைச் சாத்தினாலும் மஞ்சு உள்ளே வந்து
வழக்குக் கட்டுகளின் மேல் உட்காரும்;
அதற்கு மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்.

குறுக்கு விசாரணையில் கேட்டார்கள்:
'அந்த மரம் வரை உங்கள் அனுபவம் என்கிறீர்களே,
அங்கே பழம் பறித்ததற்கு ஆதாரம் உண்டா?'
'பல் கூசியது' என்றேன்.
டைப் அடித்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.
என்ன அடித்தாள் என்று இன்றுவரை தெரியாது.

கமிஷனராக வந்தவர் சின்னப் பையன்,
வெள்ளை ஷூ, அதற்குள் இரண்டு அட்டை.
பேரிமரம் எங்கே என்றார்.
வேலப்பன் ஓரிடம் காட்டினான். நான் ஓரிடம்.
இரண்டு இடத்திலும் பூண்டு, அவன் போட்டது.
விற்ற பிறகும் உழுதவன் அவன்தான்,
மதுரைக்காரருக்கு மண்வெட்டி எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாது.
நான் காட்டிய இடத்தைத் தோண்டச் சொன்னேன்.
முழங்கால் ஆழத்தில்
கறுத்து, ஈரமாய், பிடி விடாமல் கிடந்தது அடிவேர்.
'மக்கிய வேர்த்தூர் ஒன்று காணப்பட்டது.'
அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் அந்த ஒரு வரி.
ஏழு வருஷம் அதன் மேல்தான் நின்றது.

தாவா சொத்து வாதிக்குப் பாத்தியப்பட்டது என்றும்
மேற்படி கிரையம் வாதியைக் கட்டுப்படுத்தாது என்றும்
சுவாதீனம் ஒப்படைக்க என்றும்
தீர்ப்பு வந்தது ஒரு வியாழக்கிழமை.
சாயந்தரம் அதே பஸ்.
அன்று எலுமிச்சை வரவில்லை.
மூன்றாம் வளைவில்
தீர்ப்பு நகல் வைத்திருந்த பையிலேயே வாந்தி எடுத்தேன்.

மாசியில் அமீன் வந்தார், சர்வேயரும் சங்கிலியும்.
பதினாலு சென்ட்டிலும் பூண்டு,
தாள் சாய இன்னும் ஒரு மாதம்.
வேலப்பன் வண்டிப்பாதையில் நின்றான், இறங்கவில்லை.
'பிடுங்கிவிடலாமா?'
தீர்ப்பைத் திருப்பித் திருப்பிப் படித்தோம்.
பதினெட்டுப் பக்கத்தில்
பூண்டு என்ற சொல்லே இல்லை.
தாள் சாயட்டும், கல்லை மட்டும் நடுங்கள் என்றேன்.

கடப்பாரை டொக் என்றது. அதே வேர்.
'அரை அடி தள்ளிப் போட்டுவிடலாமே' என்றார் அமீன்,
தேநீர் நேரம் அவருக்கு.
கூடாது என்றேன்.
அதே நொடியில் பாதையிலிருந்தும் ஒரு
கூடாது.

அமீன் இருவரையும் பார்த்தார்.
பிறகு கோடாலி கேட்டார்.
அது வேலப்பன் வீட்டில்தான் இருந்தது.